பெட்டைக் கோழி கூவியபோது

செராமாவைவிடச் சிறிய கோழி உலகத்திலேயே இல்லை என்று எங்கள் குழுவில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். உள்ளங்கையில் நிற்கும். நெஞ்சைத் தூக்கி, தலையைப் பின்னுக்கு இழுத்து, இறக்கைகளைத் தரையைத் தொடுமளவுக்குத் தொங்கவிட்டு, சம்பள உயர்வு கேட்டு வந்தவர்களைப் பார்க்கும் மேலாளர் மாதிரி நிற்கும். கறிக்கும் ஆகாது, முட்டைக்கும் ஆகாது.

மலேசியாவில், லாபுவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் எங்கள் வீடு. என் கணவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். நான் நீலாயில் ஒரு தொழிற்சாலையின் பொருள் கிடங்கில் வேலை செய்கிறேன். அவரோடு வேலை பார்த்த இந்தோனேசியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, கொண்டுபோக வழியில்லாமல் தன் செராமா சேவலை எங்களிடம் விட்டுப் போனார். "இத வச்சி என்னா பண்றது?" என்று நான்தான் கேட்டேன். அடுத்த மாதம் அதற்கு ஜோடி தேடிக் கைப்பேசியைத் துழாவியதும் நான்தான். அப்படித்தான் அந்த முகநூல் குழுவில் சேர்ந்தேன். நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்க இருக்கும் செராமா பிரியர்கள், அநேகமாக எல்லாரும் தமிழர்கள், கோழிப் படம் போட்டு ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் இடம்.

புகழ்ச்சியெல்லாம் படத்துக்குத்தான். விற்பனை விளம்பரம் என்று வந்துவிட்டால் சந்தைக்கடை. ஒருவர் சேவலை விற்கப் போடுவார், விலை போடமாட்டார். கேட்டால் "பி.எம்." என்பார். தனியே போய்க் கேட்டால் ஆளுக்கொரு விலை. இன்னொருவர் தன் விளம்பரம் கீழே போய்விடாமல் இருக்க மணிக்கொரு தடவை "அப்" என்று எழுதுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதுவார்கள். காலையில் திறந்தால் அப், அப், அப். யாராவது ஒரு கோழியை விற்கப் போட்டால் அதற்குக் கீழேயே "வால் கோணல்" என்று ஒருவர் எழுதிவிட்டு, தன் கோழியை அடுத்த விளம்பரமாகப் போடுவார்.

குழுவைத் தொடங்கியவர் மந்தினில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவர் எந்த விளம்பரத்தை நீக்கினாலும், நண்பருக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, விளம்பரத்த இனிமே நீங்க பாத்துக்குங்கலா. நீங்க யார்கூடவும் சண்ட போட்டதில்ல."

"நான் யார்கூடவும் பேசுனதே இல்லயே தம்பி."

"அதனாலதான் சொல்றேன்."

ஒப்புக்கொண்டேன். கிடங்கில் பொருளை அதனதன் அடுக்கில் வைத்தே பழகிய கை, சும்மா இருக்குமா? விலையை எழுத வேண்டும். படம் அந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும். "அப்" கிடையாது. ஒருவர் விளம்பரத்துக்குக் கீழே வாங்க நினைப்பவர்தான் பேச வேண்டும். எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதையும் நீக்குவதற்கு முன் போட்டவருக்குக் காரணத்தைச் சொல்லி, திருத்த அரை நாள் விட வேண்டும்.

முதலில் நீக்கியது பட்டறைத் தம்பியின் விளம்பரத்தைத்தான். காலையிலேயே சொல்லியிருந்தேன், அவர் பார்க்கவில்லை.

"என்னா அக்கா, என்னோடதையே தூக்கிட்டீங்க?"

"வெல போடல தம்பி."

சிரித்துவிட்டார். விலையோடு மறுபடி போட்டார். அன்றைக்கே சேவல் விற்றுப்போனது. பெரிய ஆள், பெரிய விலை சொல்வார் என்று அதுவரை யாரும் கேட்காமலே இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என் விதிகளுக்கு அவரே பெரிய வக்கீல்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அண்ணன் சிரம்பானில், தெமியாங்கில் இருக்கிறார். பழைய வரிசை வீடு, பக்கத்து வீட்டுக்கும் இவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். என் வீட்டுக் கோழிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் அண்ணி ஒரே நிபந்தனை போட்டார்: கூவாத கோழியாக இருக்க வேண்டும். அதாவது பெட்டை.

அந்தச் சமயத்தில் சுவாவிலிருந்து ஒரு பெண் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவர். "இரண்டு குஞ்சுகள். பெட்டை மாதிரி தெரிகிறது" என்று விலையும் படமும் சேர்த்து ஒழுங்காக விளம்பரம் போட்டார். அண்ணன் நேரே சுவாவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் வாங்கி வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, தன் பிள்ளைகளுக்குக்கூடச் செய்யாத அளவுக்கு அவற்றின் அழகை வருணித்தார்.

சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை கைப்பேசி அலறியது.

"ஏய், கூவுது!"

"என்னாண்ணே கூவுது?"

"ரெண்டுல ஒரு பெட்ட கூவுது!"

அவர் குரலுக்குப் பின்னால் எனக்கும் கேட்டது. ரப்பர் பொம்மையை அழுத்தினால் வருமே, அந்த மாதிரி மெல்லிய குரல். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதற்குள் அண்ணன் குழுவில் எழுதிவிட்டிருந்தார்: "சேவலைப் பெட்டை என்று விற்ற ஏமாற்றுக்காரி. இவளை உடனே நீக்க வேண்டும்."

நான் வேலைக்குக் கிளம்புவதற்குள் கீழே கருத்துகள் குவிந்துவிட்டன. அந்தப் பெண்ணிடம் ஒரு இறகுகூட வாங்காதவர்கள் எல்லாம் அவரைத் திட்டினார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்? பொம்பளையிடம் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று என்னையும் இழுத்துவிட்டார். நான் ஒரே வரி எழுதினேன். "இங்கே கூவியது சேவல். அதுதானே பிரச்சினை?" பலர் சிரித்து வைத்தார்கள்.

ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. பட்டறைத் தம்பியே, "தூக்கிடுங்கக்கா, புது ஆளுதானே, பிரச்சன முடிஞ்சிரும்" என்றார். மாலை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒங்கண்ணனுக்காக அந்தப் பொண்ணத் தூக்குனா, நாளைக்கி ஒன்ன யாரு நம்புவா?" பிறகு அவரே, "தூக்கலன்னா, அண்ணன் என்னய சும்மா விடமாட்டாரு" என்று பெருமூச்சு விட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் மாட்டுவது மாப்பிள்ளைதான்.

அன்றிரவே கருத்துகளை மூடிவிட்டுக் குழுவில் எழுதினேன். புகார் கொடுத்தவர் என் சொந்த அண்ணன், அதனால் நான் மட்டும் தனியாக முடிவெடுக்கப்போவதில்லை, பட்டறைத் தம்பியும் கூட இருப்பார், இரண்டு பக்கமும் கேட்டபிறகுதான் எதுவும். அண்ணன் என்பதைப் பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு சுவாப் பெண்ணைக் கூப்பிட்டேன். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அக்கா, நான் குழுவ விட்டே போயிடறேன். கோழி வளக்கதான் வந்தேன், திட்டு வாங்க இல்ல."

"போயிடாதீங்கம்மா. இப்ப போனா தப்பு ஒங்க மேலதான்னு ஆயிரும். ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வாங்க. பெட்ட ஒண்ணு இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க."

ஞாயிறு காலை முதலில் வந்தவர் அண்ணன். கூடையில் கூவிய சேவல் மட்டும்; மற்றது இன்னும் கூவவில்லையாம். என்னிடம் பேசாமல் என் கணவரிடம், "பசியாறியாச்சா மாப்ள?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பட்டறைத் தம்பி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார். கடைசியாக அந்தப் பெண் மோட்டாரில், முன் கூடையில் பெட்டையை வைத்துக்கொண்டு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தலைக்கவசத்தைக் கழற்றியதும் பெட்டையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். என் கணவர் காப்பி கொடுத்தார்.

அண்ணன் ஆரம்பித்தார். "பெட்டன்னு சொல்லித்தான குடுத்த?"

"பெட்ட மாதிரி தெரியுதுன்னுதான் போட்டேன் அண்ணே."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா... மாதிரிதாண்ணே."

எனக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்துக் காலி வீட்டின் கொட்டகையில், அண்ணன் வாங்கியபோது அவை இருந்த அதே வயதில் என் குஞ்சுகள் நான்கு இருந்தன. அவற்றை மேசையில் விட்டேன். "இதுல எது பெட்ட? ஒவ்வொருத்தரும் சொல்லுங்க" என்றேன்.

பட்டறைத் தம்பி கண்ணை இடுக்கிப் பார்த்து, "முதல் மூணும் பெட்ட" என்றார். அண்ணன் ஒன்றைத் தூக்கி, கொண்டையை ஊதிப் பார்த்து, "எல்லாம் சேவல்" என்றார். அந்தப் பெண் இரண்டைக் காட்டினார். என் கணவரோ, "இது நாலும் கோழி" என்றார். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க நாசி லெமாக்கைப் பிரித்தார்.

"பாருங்கண்ணே, இத்தன வருசம் வளக்கற தம்பிக்கும் தெரியல. எனக்கும் தெரியாது. அவுங்க பொய் சொல்லல" என்றேன்.

அப்போது அந்தப் பெண்ணே சொன்னார். "ஆனா அண்ணே நேர்ல வந்தப்ப கேட்டாரு அக்கா. பக்கத்துல பச்சப் புள்ள இருக்கு, கண்டிப்பா பெட்டதானான்னு. 'இருக்கும்'னு சொல்லிட்டேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நானும் தம்பியும் உள்ளே போய்ப் பேசி வந்தோம். சேவலை அந்தப் பெண் திரும்ப எடுத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த முட்டையிடும் பெட்டையை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும். குழுவிலிருந்து யாரையும் நீக்குவதில்லை. 'ஏமாற்றுக்காரி' என்ற வார்த்தையை அண்ணன் எடுத்துவிட வேண்டும்.

"எடுத்துடறேன். ஆனா மன்னிப்புல்லாம் கேக்கமாட்டேன்."

"வேணாண்ணே. இந்தப் பெட்டைக்கி மட்டும் பச்சப் பயறு ஊறவச்சிப் போடுங்க. அதான் புடிக்கும்" என்றார் அந்தப் பெண்.

அண்ணன் வார்த்தையை எடுத்தார். ஆனால் என்னோடு பேசுவதையும் சேர்த்து நிறுத்திவிட்டார். "ஊரு முன்னாடி அண்ணன்னும் பாக்கல" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். வாரக்கணக்கில் அழைப்பு இல்லை. செய்தது சரி என்று தெரிந்தும் மனசுக்குச் சரியாக இல்லை. விடிந்ததும் கைப்பேசியைப் பார்ப்பேன், கோழி விளம்பரங்கள்தான் இருக்கும். ஒரு நாள் சிரம்பான் பாசார் சந்தையில் அண்ணியைப் பார்க்கப் போனபோது, என் கோழிகள் இட்ட முட்டைகள் சிலவற்றைப் பஞ்சில் பொதிந்து கொடுத்துவிட்டு வந்தேன். "அடைக்கி வச்சிப் பாக்கச் சொல்லுங்கண்ணி" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் மௌனம். பிறகு ஒரு நாள், நடுவில் எதுவுமே நடக்காதது போல அண்ணன் கூப்பிட்டார்.

"ஏய், அஞ்சு பொரிச்சிருக்கு! ஒண்ணு கருப்பு!"

நான் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

இதற்கிடையே குழுவில் இன்னொரு விதியும் சேர்ந்திருந்தது. குஞ்சுகளை விற்பவர் 'பாலினம் தெரியாது' என்று எழுத வேண்டும். பெட்டை என்று வாக்குக் கொடுத்தால், தவறும்போது மாற்றித் தர வேண்டும். அண்ணன் தன் குஞ்சுகளை விற்கப் போட்டபோது, "பாலினம் சத்தியமாகத் தெரியாது. கூவினால் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று எழுதினார். அப்படியே விட்டுவிட்டேன், விதியை மீறவில்லையே. இருந்தும் வாங்கிய ஒருவர், குஞ்சு கூவுகிறது என்று வந்து கத்தினார். நான் பார்ப்பதற்குள் ஒரு பதில் வந்திருந்தது. "விளம்பரத்தில் அண்ணன் தெளிவாக எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பேசுங்கள்." எழுதியவர் சுவாப் பெண். அண்ணன் அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அவர் கேட்கமாட்டேன் என்று சொன்னதை அந்தப் படத்தில் கேட்டுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் அண்ணியும் சுவாவுக்குப் போய், சட்டை தைக்கக் கொடுக்கும் சாக்கில் கோழி பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அந்தப் பெண்ணையே என்னோடு விளம்பரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பட்டறைத் தம்பியும் சரி என்றார். தனக்குப் பாதகமாக இருக்கும் என்று தெரிந்தும் ஒரு உண்மையைச் சொன்னவர். அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

போன மாதம் என் சேவல் ஒன்றை விற்கலாம் என்று விளம்பரம் போட்டேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் பழைய படத்தைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சுவாப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, படத்துல பின்னால தெரியற காலண்டர் போன மாசத்துது. அரை நாள்ல மாத்திருங்க, இல்லன்னா தூக்கிருவேன்."

மேற்பார்வையாளர் முன்னால் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வேலை முடியும் வரை கைப்பேசியைத் தொட முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் விளம்பரம் இல்லை.

மறுநாள் புதுப் படம் எடுத்தேன். இறகு உதிரும் பருவம். சேவல் மழையில் நனைந்த துடைப்பம் போல இருந்தது. உள்ளதை உள்ளபடி போட்டேன். யாரும் வாங்கவில்லை. இப்போது இறகெல்லாம் பளபளவென்று முளைத்துவிட்டது, விலையும் கேட்கிறார்கள். ஆனால் அது தினமும் டிராக்டர் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறதாம், அதனால் கொடுக்கமாட்டேன் என்கிறார் என் கணவர்.