தேன்பாறைக்குக் கீழே

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் கோகிலவாணி டீச்சர் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை; பார்த்தாலே போதும், அடங்கிவிடுவார்கள். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு தடுமாறும். அப்படிப்பட்டவரைத்தான் வட்டார வள மையத்தில் கூப்பிட்டு, ஆசிரியர்களுக்கான வன உயிரினக் கல்விப் பயிற்சியை நடத்தும் கருத்தாளராகப் போட்டார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். அவருக்குப் பறவை, விலங்கு தெரியும் என்பது இன்னொன்று.

அது புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. அவருடைய அப்பா அம்மா கரும்பு வெட்டுக்குப் போனவர்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டு நடக்கிற மாதங்களில், பள்ளி இல்லாத நாளெல்லாம் அவரும் வயலோரம்தான் கிடப்பார். வெட்டு முடியப்போகிற கடைசித் துண்டுக் கரும்புக்குள் ஒதுங்கியிருக்கும் முயல், கீரி, கௌதாரி எல்லாம் எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. பிறகு படித்து, நைனார்பாளையம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஆன பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. சம்பளத்தில் முதலில் வாங்கியது ஒரு பைனாகுலர்.

பிப்ரவரிக் கடைசியில் கல்வராயன் மலையில் இரண்டு நாள் பயிற்சி. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு கூடம் கிடைத்திருந்தது. சின்னசேலம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். முதல் நாள் காலடித் தடம், எச்சம், எந்தப் பிராணி எதைத் தின்னும் என்கிற விளையாட்டு. மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு வரலாற்று ஆசிரியர் ராஜாங்கம் எழுந்தார். கனத்த உடம்பு, முட்டி வலி. வருகிற மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர். தலைமையாசிரியர் உத்தரவுக்காக மலையேறி வந்த கடுப்பு முகத்திலேயே தெரிந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் காட்டுப் பன்னி எங்க மக்காச்சோளத்த ஒரே ராத்திரில படுக்கப் போட்டுட்டுப் போச்சி. அத்தப் பாதுகாக்கணும்னு எம் பசங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா? வெவசாயி வூட்டுப் பசங்க, எழுந்து என்னக் கேக்க மாட்டானுங்க?"

கூடம் முழுவதும் சிரித்தது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. பதிலுக்கு என்னென்னவோ சொன்னார்; எதுவும் நிற்கவில்லை. நாலைந்து பேர் செல்போனை எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம், மறுநாள் நடக்கவேண்டிய காட்டு வழியைப் பார்க்க வேட்டைத் தடுப்புக் காவலர் முனியனோடு போனார். ஓடையோரமாகப் போய்த் திரும்புவதுதான் திட்டம். அதற்கு மேலே தேன்பாறை. நெட்டுக்குத்தான பாறை முகத்தில் மலைத்தேனீ அடைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் முறத்தைவிடப் பெரியது, கருப்பாக, அசையாமல். பார்த்த மாத்திரத்தில் கோகிலவாணி திட்டத்தை மாற்றிவிட்டார். நாளைக்கு இதற்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினால் ராஜாங்கம் சார் உட்பட அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தார்.

"வெயில் ஏர்றதுக்குள்ள வந்துட்டுப் போயிடணும்ங்க," என்றார் முனியன்.

"ஏழு மணிக்கெல்லாம் கெளம்பிடலாம் அண்ணா."

கிளம்பவில்லை. காலைப் பொங்கல் வரத் தாமதம். சாப்பிட்டுவிட்டு ஓடைக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்திருந்தது. ஓடையோடு திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதே நேரம் பின்னால் யாரோ, "பன்னியக் காட்டுவீங்களா டீச்சர்?" என்று கேட்க, மறுபடியும் சிரிப்பு. கோகிலவாணி மேலே ஏறுகிற தடத்தில் காலை வைத்தார்.

பாறைக்குச் சற்றுத் தள்ளி எல்லோரையும் நிறுத்தினார். சத்தம் கூடாது, சென்ட் போட்டவர்கள் பின்னால் நில்லுங்கள், பீடி சிகரெட் கூடவே கூடாது. ராஜாங்கம் ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் செருகிக்கொண்டார். கோகிலவாணி முறைத்தார்.

"பத்த வெக்க மாட்டேன், பயப்படாதீங்க. சும்மா வாயில இருந்தா போதும் எனக்கு."

அதை எல்லோரும் பார்த்தார்கள். பயிற்சி நடந்ததற்குப் படம் அனுப்பவேண்டுமே என்று ராதிகா என்கிற இளம் ஆசிரியை, சுருட்டிக் கொண்டுவந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் அதன் முனைகளைப் பிடித்தார்கள். எல்லோர் கண்ணும் பேனரில்.

கோகிலவாணி மட்டும் பைனாகுலரை உயர்த்தியிருந்தார். மரத்துக்கு மேலிருந்து ஒரு பெரிய பழுப்புப் பறவை வந்தது. உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை. தேன்பருந்து. அது அடையில் பாய்வதை எத்தனையோ வருடமாகப் பார்க்க ஆசைப்பட்டவர் அவர். பறவை பாறையை ஒட்டிச் சறுக்கி, இரண்டு காலாலும் ஓர் அடையை அறைந்தது. ஒரு துண்டு பிய்ந்து விழுந்தது. அடையின் கருப்புத் தோல் அலை அடித்ததுபோல் மேலிருந்து கீழே நடுங்கியது. பிறகு பாறையைவிட்டுக் கழன்று வந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஓடுங்க! எல்லாம் கீழ ஓடுங்க!" என்று முனியன் போட்ட கூச்சலில்தான் கையிலிருந்த பைனாகுலர் இறங்கியது.

அதற்குள் முதல் தேனீக்கள் வந்துவிட்டன. ராதிகா கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். பேனரைப் போட்டுவிட்டு எல்லோரும் தடத்தில் விழுந்தடித்து ஓடினார்கள். "ஓடைல எறங்காதீங்க! ரோட்டுக்கு ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே கோகிலவாணியும் ஓடினார். கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று, நெருப்பு வைத்த மாதிரி. தடம் திரும்புகிற வளைவு தாண்டினால் தப்பித்தோம். அங்கே நின்று ஆட்களைப் பார்த்தார். ராஜாங்கம் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது பாறைக்குக் கீழே தரையில் ஒரு வெள்ளைச் சட்டை. எழப் பார்த்து, முட்டி மடங்கி, மறுபடியும் விழுந்தது. சட்டையின் முதுகு கருத்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் நின்றதைப் பற்றி அவர் பின்னாளில் யாரிடமும் பேசியதில்லை. போகவேண்டாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. புடவைத் தலைப்பைத் தலையோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே ஓடினார். பேனரை இழுத்து ராஜாங்கத்தின் மேல் போட்டு, தானும் உள்ளே புகுந்து, ஓரங்களை முட்டிக்கும் முழங்கைக்கும் கீழே அமுக்கிக்கொண்டார்.

"யாரு?"

"நான்தான் சார், கோகிலவாணி. கால உள்ள இழுங்க. அந்தப் பக்கம் ஓரத்த அமுக்கிப் புடிங்க."

"நீ போம்மா... எனக்கு சுகர் இருக்குது, பிரஷர் இருக்குது. ரெண்டு பேரும் இன்னாத்துக்குச் சாவணும்?"

"பேசாதீங்க சார். மூச்சக் கம்மியா வுடுங்க."

பேனர் மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் படபடவென்று சத்தம். உள்ளே புழுக்கம். வெயில் ஊடுருவி, அச்சடித்த எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. கனிந்து அழுகப்போகிற வாழைப்பழ வாசனை வந்தது. கொட்டிய கொடுக்கிலிருந்து வருவது. அந்த வாசனைதான் மற்றவற்றையும் கூப்பிடும் என்பது அவருக்குத் தெரியும். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையால் ராஜாங்கத்தின் பிடரியையும் கன்னத்தையும் சுரண்டிச் சுரண்டிக் கொடுக்குகளை எடுத்தார். உள்ளே புகுந்தவற்றைக் கையாலேயே நசுக்கினார். அப்போதுதான் பார்த்தார். ராஜாங்கத்தின் உள்ளங்கையில் அந்த சிகரெட் கசங்கிக் கிடந்தது. நுனி வெள்ளையாக இருந்தது.

"எம் பொண்ணு நம்பரு போன்ல மொதல்லயே இருக்குது..." என்றார் அவர். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது.

"நீங்களே பேசலாம் சார். கண்ணத் தொறங்க. என்னப் பாருங்க."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பச்சைத் தழையைக் கொளுத்திப் புகைமூட்டத்தோடு முனியன் வந்து, இருவரையும் பேனரோடு சேர்த்தே கீழே இறக்கினார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராஜாங்கம் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். ராதிகாவுக்கு இமையில் கொட்டியது கண்ணுக்குள் இறங்கி, பார்வை மங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. செய்தி மட்டும் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள்.

விளக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்டார்: சிகரெட் புகையால் தேனீ கலைந்தது. அடுத்தவர், நானும் பார்த்தேன் என்றார். அதற்கடுத்தவர் தீப்பெட்டி உரசிய சத்தத்தையே கேட்டிருந்தார். கோகிலவாணி ஒவ்வொன்றாகப் படித்தார். திரும்பப் போய் ஒரு மனிதரைக் காப்பாற்றியதற்காக அவருக்குக் கும்பிடும் பூங்கொத்துமாக வந்துகொண்டிருந்தது.

கணவர் தீனதயாளன் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவர், நிதானமான மனிதர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"உம்மேல யாரும் கை காட்டல. வுட்டுடு," என்றார் அவர்.

"அவரு பத்த வெக்கலங்க. நான் கண்ணால பாத்தேன்."

"சரி, சொல்லு. அப்ப எதனால கலைஞ்சிச்சின்னு கேப்பாங்க. பருந்துன்னுவ. பருந்து வந்தப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னா சொல்லுவ?"

பறவை பாய்ந்ததற்கும் முனியன் கத்தியதற்கும் நடுவே எத்தனை மூச்சு? அந்த நேரத்தில் கத்தியிருந்தால் ராதிகா வளைவு தாண்டியிருப்பாரா? படுத்தால் இதுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனார். ராஜாங்கத்தின் முகம் இன்னும் வீங்கியே இருந்தது. சிகரெட் புகாரில் அவர் பேரில் விசாரணை வந்திருந்தது; பணி ஓய்வு நேரத்தில் அது நிலுவையில் நின்றால் ஓய்வு பெறவே விடமாட்டார்கள், பென்ஷனும் நிற்கும். மகள் அதைச் சொல்லி அழுதுவிட்டு வெளியே போனாள்.

"தீப்பெட்டிய எடுத்தனா, இல்லையான்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குது டீச்சர்," என்றார் ராஜாங்கம். "எல்லாரும் சொல்லிச் சொல்லி, பத்த வெச்ச மாதிரியே கனவு வருது. அந்தப் பொண்ணு கண்ண நான்தான் கெடுத்தேனா?"

சொல்லிவிடலாம். இல்லை சார், நீங்கள் இல்லை. நாலு சொல். வாய் வரவில்லை. பழங்களை வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனார். அன்று நடந்ததைக் காட்டிலும், பேனருக்குள் கிடந்ததைக் காட்டிலும், அந்த நடைதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது.

விசாரணை கல்வி அலுவலகத்தில். ராதிகா கருப்புக் கண்ணாடியோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ராஜாங்கத்தின் மகளும் வந்திருந்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"புகைதான் காரணம்னு எல்லாரும் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்களும் அதையே சொல்லிட்டீங்கன்னா முடிச்சிடலாம் மேடம்."

கோகிலவாணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"புகையே இல்லைங்க சார். அவரு சிகரெட்டப் பத்த வெக்கல. கசங்கி அவரு கையில இருந்தத நான் பேனருக்குள்ள பாத்தேன். தேன்பருந்து ஒண்ணு வந்து அடைய அறைஞ்சிது. அதுலதான் கலைஞ்சிது."

"அது வந்தத வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

"பாத்ததும் எல்லாரையும் எச்சரிச்சீங்களா?"

கோகிலவாணி மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"இல்லைங்க சார். பாத்துக்கினே நின்னுட்டேன். அது ரொம்ப அபூர்வம்... அதனால நின்னுட்டேன். வெயில் ஏறின பிறகு அந்தப் பாறைக்கு இட்டுக்கினு போயிருக்கவும் கூடாது. ஓடை வழிதான் திட்டம். மாத்தினது நான்."

ராதிகா கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் இன்னும் சிவந்து, பாதி மூடியே இருந்தது.

"பாத்துக்கினு நின்னீங்களா? நாங்க அங்க நிக்கிறோம், நீங்க பறவையப் பாத்துக்கினு நின்னீங்களா மேடம்?"

"ஆமாம் ராதிகா."

ராதிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

ராஜாங்கத்தின் பேரில் இருந்தது கைவிடப்பட்டது. கோகிலவாணிக்கு மெமோ வந்தது. கருத்தாளர் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. மறு உத்தரவு வரும்வரை பயிற்சி கூடத்துக்குள் மட்டுமே, காட்டுக்குள் நடை இல்லை என்று சுற்றறிக்கை போனது. அந்த வரி மெமோவைவிட அவரை வருத்தியது. குழுவில் கும்பிடு போட்டவர்களிடமிருந்து பேச்சு மூச்சில்லை. ஒருவர் மட்டும், தானாகப் போய் மாட்டிக்கொள்கிற வேலை ஏன் என்று யார் பெயரும் சொல்லாமல் போட்டு, பிறகு அழித்துவிட்டார்.

மே மாதக் கடைசியில் ராஜாங்கத்துக்குப் பிரிவு உபசார விழா. அழைப்பு வந்திருந்ததால் கோகிலவாணி போனார். மேடைப் பேச்சில் ராஜாங்கம் அவர் பெயரைச் சொல்லவில்லை. மலையைப் பற்றியே பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மட்டும், தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பென்ஷன் பேப்பரெல்லாம் போயிடிச்சி. ஒரு தடையும் இல்ல."

"சந்தோஷம் சார்."

"ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே டீச்சர். அத்தினி நாளு கெடந்து செத்துட்டேன்."

"சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல சார். மன்னிச்சிடுங்க."

ராஜாங்கம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "டீச்சருக்கு ரசம் வுடு," என்றார்.

எதிர் வரிசையின் கடைசியில் ராதிகா உட்கார்ந்திருந்தார். கண் தெளிந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தார் கோகிலவாணி. வெயிலைப் பார்த்தால் மட்டும் இன்னும் நீர் வழிகிறதாம். ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்புவாரா என்று சாப்பாடு முடியும்வரை பார்த்தார். ராதிகா கை கழுவிக்கொண்டு, பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.