பிரசிடெண்டின் கடைசி நான்கு வரிகள்

எங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்டுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இந்தக் கேரள எல்லைப்புறத்தில் அது பெரிய குறையில்லை. திறப்பு விழாக்களில் மலையாளத்தில் முழங்கிவிட்டு, கடைசி நான்கு வரியைத் தமிழில் சொல்லி மேடையை விட்டு இறங்குவார். அந்த நான்கு வரியை எழுதிக் கொடுப்பது, பள்ளியில் தமிழ் நடத்தும் என் வேலை. தமிழை மலையாள எழுத்தில் எழுதித் தரவேண்டும். முதல் தடவை கை கூசியது, பிறகு பழகிவிட்டது. கூட்டத்தில் உட்கார்ந்து, என் வரிக்குக் கைதட்டல் விழுவதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்?

போன வருடம் அங்கன்வாடிக் கட்டடத் திறப்புக்கு முந்தின நாள் போனில் கூப்பிட்டார்.

“டீச்சரே, கடப்புறத்து ஆளுவ நெறைய வருவாவ. கடல் சுவரப் பற்றி நல்லதா ஒண்ணு போடணும், கேட்டியளா.”

சுவருக்கு உத்தரவு வந்துவிட்டதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ‘அடுத்த மழைக்கு முன்னால் இந்தக் கரையில் கல் வந்து இறங்கும், ஒரு வீடும் கடலுக்குப் போகாது’ என்று எழுதிக் கொடுத்தேன். மழைக் கணக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. வாக்கியம் எடுப்பாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிரசிடெண்டுக்கு அந்த வரி பிடித்துப்போனது. குடிநீர்த் தொட்டி, வாசகசாலை, தெருவிளக்கு என்று எதைத் திறந்தாலும் பேச்சின் முடிவில் கல் வந்து இறங்கியது. கரையில் மட்டும் இறங்கவில்லை.

அந்தக் கரையில், கடலுக்கு முதல் வரிசையில் இருப்பது என் அண்ணன் வீடு. நான் கல்யாணமாகிப் பாறசாலைக்கு வந்துவிட்டேன். இந்த ஜூனில் பள்ளி திறந்த வாரம், முதல் வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் மனைவி, என் மைனி, போனில் அழுதாள்.

“ஒங்க அண்ணன் அசைய மாட்டேங்குறாவ. கல்லு வரும்ணு மைக்குல சொன்னாவல்லாண்ணு கேக்குறாவ.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் பலகையில் பாதிச் செய்யுளை எழுதிவிட்டு, வராந்தாவுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் மழைச் செய்தி தேடினேன், சோறு அடிப்பிடித்தது. பிரசிடெண்டிடம் கேட்டதற்கு, “பேச்சுண்ணா அப்படித்தான் டீச்சரே, அடுத்த திறப்பு விழா பரிபாடிக்கும் அந்த வரி இருக்கட்டு” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? எழுதிய கை என்னுடையது.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். பக்கத்து வீட்டின் அடுக்களை கடலோடு போய், அடுப்புத் திட்டு மட்டும் மணலில் நின்றது. அண்ணன் தன் வீட்டுப் பின்சுவரில் விழுந்த வெடிப்பில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்.

“வா மக்கா. சாயா குடிச்சியா?”

“அண்ணே, பெட்டியக் கெட்டுங்க. எங்க வீட்டு மாடியில ரெண்டு முறி சும்மா கெடக்குது. வாங்க, போவோம்.”

“எதுக்கு? மழை பிடிக்கதுக்கு முன்ன கல்லு வருமாக்கும்.”

அவர் கரண்டியை நிறுத்தவில்லை.

“வராதுண்ணே. அந்த வரிய எழுதினது நானாக்கும். உத்தரவுமில்ல, ஒரு மண்ணுமில்ல. சும்மா எழுதினேன்.”

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தபடி நின்றேன். ஈரச் சிமென்ட்டில் அவர் விரல் தடங்கள் இருந்தன.

“நீ எழுதினதுண்ணு எனக்குத் தெரியும்” என்றார். “அவருக்குத் தமிழ் எழுதிக் குடுக்க இங்க வேற யாரு உண்டு? பிரசிடெண்டு சொன்ன சொல்லுண்ணா நான் அண்ணைக்கே வீட்ட விட்டு எறங்கியிருப்பேன். நம்ம பிள்ள விசாரிக்காம எழுத மாட்டாளுண்ணுதான் இருந்தேன்.”

குழைத்த சிமென்ட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. கரண்டியை அதிலேயே போட்டுவிட்டு, மைனியைக் கூப்பிட்டுப் பாத்திரங்களைக் கட்டச் சொன்னார்.