கல்லுவின் கையில் மூன்று பட்டைகள்

உங்கள் நெஞ்சு தாறுமாறாக அடித்தால் அது முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்? உங்களுக்கா, உங்களை வேலையை விட்டுத் துரத்தக்கூடியவருக்கா?

சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவள் பெரியக்கா. எல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். போன வருஷம் கம்பெனி எல்லார் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டியது. நாடித்துடிப்பை அளக்குமாம். “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்று மேற்பார்வையாளர் தேனொழுகப் பேசினார். துடிப்பு பிசகினால் அவர் அறைத் திரையில் சிவப்பு எரியும். உடனே டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று நம்பினாள். அனுப்பினார்கள், வீட்டுக்கு. மூன்று சிவப்பு விழுந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

பெரியக்காவுக்கு இரண்டு விழுந்துவிட்டது. மறுநாள் பட்டையைக் கழற்றி, துணி மடிக்கும் மேசையிலிருந்த தோழியிடம் நீட்டினாள். இடி விழுந்தாலும் அசையாதவள் என்பதால் அவளுக்குக் கல்லு என்று பட்டப்பெயர். சொந்தப் பட்டையோடு இன்னொருத்தியின் பட்டையும் ஏற்கெனவே அவள் கையில்தான். நீளக்கைச் சீருடை எல்லாவற்றையும் மறைத்தது.

“வளையல் கடையே வச்சிருக்கேன்டி. வேற யாருக்காவது வேணுமா?”

“சிரிக்காதே. உன் நெஞ்சை வச்சுத்தான் என் பொழப்பு ஓடுது.”

இரண்டு மாதம் திரையில் பச்சை. இஸ்திரி மேசை முன்னால் கண் இருட்டும்போதெல்லாம் பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை விரிப்பின் மேலேயே சரிந்தாள். மேற்பார்வையாளர் திரையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

“பச்சைதானே காட்டுது? நடிக்காம எந்திரிம்மா.”

கல்லு மூன்று பட்டைகளையும் பிய்த்து அவர் காலடியில் எறிந்தாள். “பச்சை என்னோடதுய்யா! அவளுக்கு எப்படி அடிக்குதுன்னு கையைப் பிடிச்சுப் பாரு!”

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதில் பெரியக்கா பிழைத்துக்கொண்டாள். “முதல் சிவப்புக்கே வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்” என்றார் டாக்டர். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: கருவியை ஏமாற்றியதற்கு விளக்கம் தரவும், தவறினால் வேலைநீக்கம்.

அடப்பாவிகளா! அந்தக் கருவி இரண்டு தடவை உண்மையைச் சொன்னதே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்?

“மன்னிப்பு எழுதிக் குடுத்துடுக்கா” என்றான் தம்பி.

“எதுக்குடா? என் நெஞ்சு அடிச்சதுக்கா?”

ஒரே வரி எழுதினாள்: ‘சிவப்பு எரிந்த அந்த இரண்டு நாளும் என்னை ஏன் டாக்டரிடம் அனுப்பவில்லை?’ கீழே கல்லு கையெழுத்துப் போட்டாள். அடுத்து சலவைக்கூடத்துப் பெண்கள் பதினோரு பேர்.

உங்கள் வேலையிடத்திலும் அப்படியொரு பட்டையை மாட்டியிருக்கிறார்களா? நாளைக்கே போய்க் கேளுங்கள்: சிவப்பை யார் பார்க்கிறார், பார்த்ததும் என்ன செய்வார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்.