கெஸ்லரின் காரில் நூற்றுத் தொண்ணூறு சுற்று

நூற்று முப்பத்தெட்டாவது சுற்றில் ட்ராய் கெஸ்லர் பின்னாலிருந்து இடித்ததில் ஹோபர்ட் ஸ்டாம்பரின் கார் சுவரில் போய் மோதியது. ஹோபர்ட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. வழிவிட அரை நொடி தாமதித்தது அவன்தான். முன்பெல்லாம் கண்ணாடியில் ஒரு காரின் மூக்கு தெரிந்ததுமே கை தானாகத் திருப்பிவிடும். அன்றைக்குக் கை கொஞ்சம் யோசித்தது. ரேடியேட்டர் எஞ்சினுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. நீராவிக்கு நடுவே ஜன்னல் வழியாக வெளியே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, இழுவை வண்டிக்காரன் வரும்வரை புல்லில் உட்கார்ந்திருந்தான்.

அது எழுபத்தெட்டாம் வருடம், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. வர்ஜீனியா மலைகளுக்கு நடுவில் இருக்கும் பிக்கெட் ஸ்பிரிங்ஸில் அப்படியொரு வெயிலை அந்த வருடம் யாரும் பார்த்ததில்லை. ஓடுதளம் அரை மைல்தான். ஐநூறு சுற்று. ஒரு சுற்றுக்கு இருபத்துச் சொச்சம் நொடி. முப்பது கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு மூன்று மணி நேரம் இடதுபக்கமே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுகிறவனுக்கு மூச்சுவிட நேரமிருப்பது, விபத்து ஏதும் நடந்து மஞ்சள் கொடி விழ, எல்லாக் காரும் மெதுவாக ஊரும்போது மட்டும்தான்.

ஹோபர்ட்டுக்கு நாற்பத்து மூன்று வயது. முப்பதாவது வயதில் மரச்சாமான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பந்தயத்தையே பிழைப்பாக்கிக்கொண்டான். பதின்மூன்று வருடத்தில் நானூறு பந்தயத்துக்கு மேல் ஓடியாகிவிட்டது. ஆகச் சிறந்த இடம் ஒன்பதாவது, அதுவும் மழை பெய்து பாதியில் நின்றுபோன பந்தயத்தில். அவனுக்குப் பின்னால் பணக்கார முதலாளி யாரும் கிடையாது. சொந்தக் கார், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, பெரிய குழுக்கள் ஓட்டிவிட்டு ஒதுக்கிவைக்கிற டயர். ஒரே எஞ்சினை மூன்று பந்தயத்துக்கு நீட்டிக்க வேண்டும் என்பதால் அதை முழுதாக முறுக்கியதே இல்லை. வேகமாகப் போகிறவர்களுக்கு வழிவிட்டு, எதிலும் இடிக்காமல் கடைசிவரை உருண்டு முடிப்பதுதான் அவனைப் போன்றவர்களின் தொழில். அதில் அவன் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

இந்தப் பதின்மூன்று வருடமும் அவன் மனதில் ஒரு கேள்வி இருந்தது. மெதுவாகப் போவது காரா, நானா? யாரிடமும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவர் யார்?

மனைவி ஐலீன் எதிர்ப்பக்க மேடையில் மற்ற ஓட்டுநர்களின் மனைவிமாரோடு உட்கார்ந்து, கார் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அட்டையில் நேரத்தைக் குறிப்பாள். அந்த நாளில் சுற்றுக் கணக்கெல்லாம் கையால்தான். கணவன் சுவரில் மோதியதைப் பார்த்தாள். அவன் எழுந்து நடப்பதையும் பார்த்தாள். பிறகு அட்டையில் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மஞ்சள் கொடிக்கு ஓடுதளத்தைக் குறுக்கே கடந்து உள்மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"ரேடியேட்டரா?"

"ரேடியேட்டரு, ஃபேனு, முன்பக்கம் மொத்தமும்."

காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு பேருமாக மலைப்பாதையில் வண்டியோட்டி வந்திருந்தார்கள். தலைவலிக்குப் பொடியொன்றைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் காலை மடக்கிப் படுத்து, முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டாள். உடைந்த காரை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டான் ஹோபர்ட். ஆனால் கிளம்ப வழியில்லை. அந்த மைதானத்துக்குச் சுரங்கப்பாதை கிடையாது. பந்தயம் முடிந்தால்தான் லாரி வெளியே போக முடியும். டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, கடுகுச் சாந்து தடவி இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே, தன்னை இடித்தவன் முதலிடத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெஸ்லருக்கு இருபத்தாறு வயது. பெரிய குழு, புதிய எஞ்சின், வேண்டிய மட்டும் டயர். முந்நூறாவது சுற்றைத் தாண்டியதும் அவன் கார் நேர்ப்பாதையிலேயே தள்ளாட ஆரம்பித்தது. காருக்குக் கேடில்லை, ஆளுக்குத்தான் என்று ஹோபர்ட்டுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. உள்ளே நூற்று நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, போதாததற்குப் புகை. முந்நூற்றுப் பத்தாவது சுற்றில் மஞ்சள் கொடி விழ, கெஸ்லர் காரைக் குழுவிடம் கொண்டுவந்து நிறுத்தினான். ஜன்னல் வழியாக அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். தரையில் விழுந்தவன் வாந்தியெடுத்தான்.

கெஸ்லர் குழுவின் தலைவன் ஆர்லிஸ் பௌல் சுற்றுமுற்றும் பார்த்தான். கை காலோடு சும்மா இருந்த ஓட்டுநர் அங்கே ஒருவன்தான். ஓடி வந்தான்.

"ஹோப், உன் ஹெல்மெட் எங்க?"

"அங்க கெடக்கு. ஏன்?"

"ஏறு. மீதிய நீ ஓட்டு."

"உம் பையன்தான்யா என்னச் செவுத்துல ஏத்துனான்."

"தெரியும். அவன் பண்ணது தப்பு. ஏறுறியா இல்லையா?"

விதி என்னவென்று ஹோபர்ட்டுக்குத் தெரியும். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடியின்போது காரில் இருந்தவன் பேரில்தான் முடிவு எழுதப்படும். பாதியில் ஏறுகிறவன் வெறும் மாற்றாள். ஜெயித்தாலும் பேர் கெஸ்லருக்குத்தான். உடம்பில் ஒரு எலும்புகூட எழுந்திருக்கச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் பதின்மூன்று வருடக் கேள்விக்குப் பதில் பத்தடி தூரத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. அரைவாசி ரொட்டியை டயரின் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

கெஸ்லர் நெட்டை, ஒல்லி. ஹோபர்ட் குட்டை, இடுப்பு பருத்தவன். சீட்டுக்குள் அவனைத் திணித்து, முதுகுக்குப் பின்னால் இரண்டு துண்டை மடித்துச் செருகி வாரை இறுக்குவதற்குள் இரண்டு சுற்று போய்விட்டது. முதலிடத்திலிருந்த கார் இப்போது இரண்டு சுற்றுப் பின்தங்கியிருந்தது.

பச்சைக் கொடி அசைந்தது. பழக்க தோஷத்தில் ஹோபர்ட் காலைப் பாதிதான் அழுத்தினான். அதற்கே கார் பாய்ந்தது. தன் காராக இருந்தால் வளைவுக்குள் போகும்போது ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்; விலா நோகும். இது சொன்ன இடத்துக்குப் போனது, சொன்ன இடத்தில் நின்றது. பத்துச் சுற்று அப்படியே ஓட்டிப் பார்த்தான். பிறகு காலை முழுக்க அழுத்தினான்.

முந்நூற்று அறுபதுக்குள் ஏழு காரைத் தாண்டிவிட்டான். நேற்றுவரை அந்த ஏழு பேருக்கும் அவன் வழிவிட்டவன். கெஸ்லர்தான் ஓட்டி வருகிறான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும், கையைக் காட்டி ஒதுங்கினார்கள். நானூற்றுப் பன்னிரண்டில் முதலிடத்திலிருந்தவனின் பின்பம்பரைப் பிடித்தான். பதினான்கு சுற்று அவன் விடவில்லை. இவன் இடிக்கவும் இல்லை. கடைசியில் வெளிப்பக்கமாக, பக்கத்தோடு பக்கம் உரசாத குறையாக, முந்திப் போனான். தொலைத்த இரண்டு சுற்றில் ஒன்று திரும்பி வந்தது. ஆர்லிஸ் கரும்பலகையில் ஏதோ எழுதித் தூக்கிப் பிடித்தான். ஹோபர்ட்டின் கண்ணில் வியர்வை. படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு காரில் வேகம் இருந்தது, ஆளிடம் இல்லை. தரைத் தகடு காய்ந்து குதிகால் வெந்தது. கெஸ்லரின் உயரத்துக்கு வைத்த ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துப் பிடித்துத் தோள் மரத்துப்போனது. கழுத்து நிற்காமல் தலை வலதுபக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த தலையோடேயே கடைசி நாற்பது சுற்றையும் ஓட்டினான். அதற்குள் எத்தனை முறை நிறுத்திவிடலாம் என்று நினைத்தான் என்பதற்குக் கணக்கில்லை. ஐந்தாவதாகக் கோட்டைத் தாண்டியபோது பந்தயம் முடிந்துவிட்டது என்பதே புரியாமல் இன்னொரு சுற்று முழு வேகத்தில் போனான்.

கெஸ்லரின் ஆட்கள் அவனை வெளியே எடுத்துத் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள். கெஸ்லர் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஒரு மடக்கு நாற்காலியில் கிடந்தான்.

"கார்ல ஒரு கீறல்கூட இல்லையே பெருசு," என்றான்.

"எனக்கு அது பழக்கம் தம்பி. சொந்தக் கார் வச்சிருக்கறவன் கீறமாட்டான்."

கெஸ்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனை இடித்ததைப் பற்றியாக இருக்கலாம். அதற்குள் மறுபடி குமட்டிக்கொண்டு வர, தலையைத் திருப்பிக்கொண்டான். ஆர்லிஸ் மட்டும் லாரி வரைக்கும் கூடவே நடந்து வந்தான். கையில் நேரம் பார்க்கிற கடிகாரத்தை வைத்து உருட்டிக்கொண்டே வந்தான்.

"நானூத்திப் பத்துலேருந்து நானூத்தி அம்பது வரைக்கும் இந்தத் தடத்துலயே வேகமான ஆள் நீதான் தெரியுமா?"

ஹோபர்ட் லாரியைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தான்.

"பத்து வருசத்துக்கு முன்னால எங்கய்யா இருந்த நீ?"

"இங்கதான்," என்றான் ஹோபர்ட். "உன் காருக்குத்தான் வழிவிட்டுக்கிட்டு இருந்தேன்."

ஆர்லிஸ் கடிகாரத்தைப் பைக்குள் போட்டான். நல்ல டயர் நாலு அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி அனுப்பவும் செய்தான்.

லாரிக் கதவைத் திறந்த சத்தத்தில் ஐலீன் கண் விழித்தாள். காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். வேறு யாருடைய சட்டையோ போல நனைந்து தொங்கிய அவன் உடுப்பைப் பார்த்தாள்.

"என்ன இது, ஆத்துல விழுந்தவனாட்டம்?"

"கெஸ்லருக்கு முடியாமப் போச்சு. அவன் கார நான் ஓட்டுனேன்."

"எத்தனை சுத்து?"

"நூத்தித் தொண்ணூறு."

அவள் எழுந்து நேராக உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மேடையடியில் காகிதக் கோப்பைகளைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். நேரமில்லை என்றான். அது உண்மைதான். ஆனாலும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எப்படி இருந்துச்சு ஹோப்?"

அவன் சாவியைத் துளைக்குள் விடப் பார்த்தான். மரத்த விரல்களில் சாவி நிற்கவில்லை. அவளிடமே கொடுத்தான்.

"லேசா இருந்துச்சு, ஐலீன்," என்றான். "ரொம்ப லேசா இருந்துச்சு."

அவள்தான் வண்டியை ஓட்டினாள். வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பயறும் சோள ரொட்டியும் வாங்கினாள். அவனுக்கு மெல்லக்கூடத் தாடை அசையவில்லை. இனிப்புத் தேநீரை மட்டும் குடித்தான். திங்கட்கிழமைச் செய்தித்தாளில் கெஸ்லர் ஐந்தாவது, ஸ்டாம்பர் இருபத்தேழாவது, விபத்து என்று போட்டிருந்தது. அவன் தன் வாழ்க்கையில் ஓட்டிய ஆகச் சிறந்த பந்தயத்துக்குக் காகிதத்தில் அவ்வளவுதான் அடையாளம்.

இதில் சந்தோஷப்பட ஏதோ இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஐலீனும் அப்படித்தான் நினைத்தாள். ஹோபர்ட்டுக்கு நேர்மாறாக இருந்தது. பதில் தெரியாதவரை, நமக்கு வேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வரும். இப்போது தெரிந்துவிட்டது. கொட்டகையில் தன் காரின் கீழே படுத்து ரேடியேட்டரைப் பொருத்தும்போது இந்தக் காரை என்ன செய்தாலும் அந்தக் கார் ஆகாது என்பது கைக்கே தெரிந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நெடுநேரம் கிடப்பான்.

ஆர்லிஸிடமிருந்து தொலைபேசி வரும் என்று ஒரு மாதம் எதிர்பார்த்தான். எதிர்பார்க்கவில்லை என்று ஐலீனிடம் சொல்லிக்கொண்டான். நாற்பத்து மூன்று வயது ஆளை யார் அழைப்பார்கள்? அடுத்த வருடமும் ஓடினான், அதற்கடுத்த வருடம் பாதிவரை ஓடினான். எல்லோருக்கும் வழிவிட்டான். ஆனால் இப்போது ஒவ்வொரு முறை வழிவிடும்போதும் அவனுக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டே இருந்தது. அது அலுப்பாக இருந்தது. எண்பதாம் வருட மே மாதத்தில் ஒருநாள், கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாற்பதாவது சுற்றில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை அணைத்தான். என்ன கோளாறு என்று பந்தய அதிகாரி கேட்டார். எழுதிக்கொள்ள ஏதாவது வேண்டுமே. "ஓட்டுநர்னு எழுதிக்குங்க" என்றான்.

காரைத் தென் கரோலினாக்காரன் ஒருவன் வாங்கிப் போனான். மாவட்டப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற பணிமனையில் ஹோபர்ட்டுக்கு வேலை கிடைத்தது. காலை ஏழு முதல் மூன்றரை வரை. ஓட்டுநர் யாராவது வராத நாளில் அவனே ஒரு பேருந்தை எடுத்துக்கொண்டு மலைச்சரிவு வீடுகளுக்குப் போவான். மணிக்கு இருபத்தைந்து மைல். பின்னால் எத்தனை வண்டி வந்தாலும், அவன் நின்றால் சட்டப்படி அவையும் நிற்க வேண்டும். பிள்ளைகள் புத்தகத்தைத் தேடிக்கொண்டு, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு சாவகாசமாக வந்து ஏறுவார்கள். ஹோபர்ட் யாரையும் அவசரப்படுத்தியதில்லை.