ஆறு வளையலும் ஒரு துப்பாக்கி உரிமமும்

மனநல மருத்துவமனையின் கோப்பு அறையில் அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. வாய் திறந்தால் அதிசயம். அதனால் எல்லோருக்கும் அவள் 'பூனை'.

கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவர்களின் பட்டியல் வாரம் ஒருமுறை போலீஸ் அலுவலகத்திலிருந்து வரும். அவர்களில் யாராவது இங்கே சிகிச்சை பெற்றவர்களா என்று எழுத்தர் கணினியில் தேடுவார். பெயர் அகப்பட்டால் பூனை அந்தக் கோப்பை எடுத்து, தாள்களை வரிசைப்படுத்தி, மேசையில் வைக்க வேண்டும். சிகிச்சை பெற்றவர் என்று பதில் போனால் உரிமம் கிடையாது.

அன்றைய பட்டியலில் ஒரு நகைக்கடைக் காவலாளி இருந்தார். உரிமம் கிடைத்தால்தான் வேலை நிலைக்கும், இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவோம் என்று கடைக்காரர் எழுதிய கடிதமும் கூடவே வந்திருந்தது.

"ஆள் நம்ம இடத்துல ரெண்டு மாசம் இருந்திருக்காரு. பதினோரு வருஷத்துக்கு முந்தி," என்றார் எழுத்தர். "பூனை, கோப்ப எடு. மூணு மணி தபால்ல பதில் போகணும்."

தாள்களை அடுக்கும்போது கடைசித் தாளில் அவள் கண் நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது பொருள்களைத் திருப்பிக் கொடுத்த சீட்டு அது. கட்டில் பதினாலு: சேலை ஒன்று, மூக்குத்தி ஒன்று, கண்ணாடி வளையல் ஆறு. வாங்கிக்கொண்டவர் கையெழுத்து, அதே காவலாளி.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. சேர்க்கை ஜன்னல் பக்கம் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! "பேரு?" என்று உள்ளிருந்து கேட்பார்கள். நோயாளியைப் பதறிப்போய்க் கூட்டி வந்தவர் தன் பெயரையே சொல்லிவிடுவார்.

"சார், நோயாளி இவரு இல்ல."

"அடேயப்பா, பூனைக்குப் பேச்சு வந்திருச்சு!"

"ஆம்பளைக்கு எதுக்கு சார் ஆறு வளையல்?"

"போட்டு அழகு பாத்திருப்பாரு. கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? போம்மா." அவர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

பூனை அவர் மேசையிலிருந்த கோப்பை அப்படியே அள்ளிக்கொண்டு கண்காணிப்பாளர் டாக்டரம்மாவின் அறைக்குள் போய்விட்டாள். அனுமதி கேட்கக்கூடத் தோன்றவில்லை. கடைசித் தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தாள்.

"டாக்டரம்மா, இது இப்படியே போனா ஒரு மனுஷன் பொழப்பே போயிரும். படுத்திருந்தது அவங்க வீட்டுப் பொம்பள யாரோ. கூட வந்தவரு பேர மேல எழுதிட்டாங்க. பெண்கள் வார்டு பதிவேட்ட எடுத்துப் பாருங்க, கட்டில் பதினாலு."

பழைய பதிவேடு வந்தது. கட்டில் பதினாலில் ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 'அழைத்து வந்தவர்: மகன்' என்று காவலாளியின் பெயர். டாக்டரம்மா எழுத்தரைக் கூப்பிட்டார். "காவலாளி பேர்ல நம்மகிட்ட எந்தப் பதிவும் இல்லன்னு எழுதுங்க. இனிமே இவங்க பாக்காம ஒரு பதிலும் இங்கருந்து போகக் கூடாது."

எழுத்தர் முத்திரையைத் துடைத்தபடி முணுமுணுத்தார். "பூனைன்னு நெனச்சேன். இது புலி."

இரண்டு மாதம் கழித்து, புத்தம்புது ஆயுதக் காவலர் சீருடையில் ஒருவர், அம்மாவின் கையைப் பிடித்தபடி மறுபரிசோதனைக்காக ஜன்னலில் வந்து நின்றார்.

"பேரு?" என்று கேட்டது உள்ளிருந்த குரல்.

அவர் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"அம்மா பேர!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம், நடைவழி முழுக்கக் கேட்டது. சீருடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியாது. கோப்புக் கட்டைச் சுமந்துகொண்டு, செருப்பு டக்டக்கென்று ஒலிக்க, அவள் போய்க்கொண்டிருந்தாள்.