பொட்டு வைத்த ஊசிப்பெட்டி

குழந்தைகளே, போன வாரம் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. உங்கள் வீட்டிலும்தான் நடந்திருக்கும். அரிவாள்மணை, கத்தரிக்கோல், சைக்கிள், பாடப்புத்தகம் — எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக ஜம்மென்று நின்றிருக்கும், இல்லையா?

என் மகள் செல்லத்துக்கு எட்டு வயசு. சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். திருகைக்குப் பொட்டு. சுவர்க் கடிகாரத்துக்குப் பொட்டு. தூங்கிக்கொண்டிருந்த பூனைக்கும் ஒன்று வைத்தாள். அது எழுந்து ஓட்டமாக ஓடிவிட்டது.

கடைசியில் என் மேஜைக்கு வந்தாள். மேஜை மேல் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் பக்கம் விரலை நீட்டினாள்.

"அதைத் தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. பிள்ளை மிரண்டு போய் நின்றாள். பிறகு அழுதுகொண்டே கேட்டாள்:

"அம்புட்டுக்கும் வச்சேன். இதுக்கு மட்டும் ஏம்ப்பா கூடாது?"

நியாயமான கேள்விதானே? பதில் சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது. அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் சிரிப்புக் கதை தேடி வருகிறவர்கள் இந்த ஒரு வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு சரி. மதுரையில் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை. வளையல் பெட்டி, பொடிப் பெட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெட்டி... இப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. யுத்தம் வந்தது. கப்பல் வருவது குறைந்தது. ஒரு நாள் மருந்து வியாபாரி ஒருவர் பெரிய தகர டின்னோடு வந்து இறங்கினார். டின் நிறைய கிரீஸ். கிரீஸுக்குள் ஊசிகள்.

ஊசி என்றதும் அம்மா சட்டை தைக்கும் ஊசியை நினைக்காதீர்கள். இது மனிதரைத் தைக்கும் ஊசி. மூன்றாம் பிறை மாதிரி வளைந்திருக்கும். ஆபரேஷன் செய்த இடத்தை, வெட்டுப்பட்ட இடத்தை, இதில் பட்டு நூல் கோத்து டாக்டர்கள் தைப்பார்கள். முன்பெல்லாம் சீமையிலிருந்தே அழகான பாக்கெட்டில் வருமாம். யுத்தம் வந்த பிறகு மொத்தமாக டின்னில்தான் கிடைத்தது. அதைப் பிரித்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற மாதிரி சின்னச் சின்னப் பெட்டியில் போட்டுத் தர வேண்டும்.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீதான்யா நல்லா யோசிப்ப. ஒரு பெட்டி யோசிச்சுக் கொடு" என்றார்.

வளையலுக்குப் பெட்டி செய்கிறவனுக்கு ஊசிக்குப் பெட்டி செய்வது பிரமாதமா என்று நினைத்தேன். செய்து பார்த்தபோதல்லவா தெரிந்தது!

முதலில் மில் பஞ்சில் பொதிந்து வைத்தேன். மெத்தென்று இருந்தது. பத்து நாள் கழித்துப் பிரித்தால், ஊசியெல்லாம் பழுப்பு. பஞ்சு காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து ஊசிக்குக் கொடுத்துவிட்டது! அடுத்து, அட்டையில் குத்தி வைத்தேன். முனை மழுங்கிப் போயிற்று. மழுங்கின முனை உடம்பில் ஏறுமா? அப்புறம், வெறும் காகிதத்தில் மடித்தேன். முனை காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து என் கட்டைவிரலையே பதம் பார்த்தது. ஒரு நர்ஸின் விரலையும் இப்படித்தானே பார்க்கும்?

தகர டப்பாதான் சரி என்று கோரிப்பாளையத்துக்குப் போனேன். அங்கே தகர வேலை செய்கிற காதர் பாய் எனக்குப் பழக்கம்.

"தகரமா?" என்று சிரித்தார். "எங்க இருக்கு மாப்ள? அம்புட்டும் சண்டைக்குப் போயிருச்சு. என் கடைக் கதவையே எவனும் கழட்டிட்டுப் போயிருவானோன்னு பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீ டப்பா கேக்குற!"

கடைசியில் வழி கிடைத்தது. ஒரு துண்டு கம்பளித் துணி. அதில் வாசலைன் தடவி, ஊசிகளை முனை வெளியே தெரியாமல் இழையோடு இழையாகச் செருகினேன். மேலே மெழுகுத்தாள் சுற்றினேன். அதைக் கெட்டி அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, பெட்டியையே உருக்கின மெழுகில் முக்கி எடுத்தேன். பட்டு நூலுக்கும் அப்படியே. அட்டையில் சுற்றினால் மூலையில் நூல் மடிந்து நைந்து போகிறது என்று மூலைகளை வட்டமாக நறுக்கினேன். ஒரு பெட்டியைத் தண்ணீர் வாளியில் இரண்டு நாள் போட்டு வைத்து, முதலாளி முன்னால் பிரித்தேன். ஊசி அன்று பிறந்த பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது.

இரண்டு வருஷம் ஒரு புகார் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் "அந்த மெழுகுப் பெட்டியா? கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம்" என்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

மூன்றாம் வருஷம் ஆயுத பூஜை வந்தது.

பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். அட்டை வெட்டுகிற மிஷினுக்கு, பசைச் சட்டிக்கு, மெழுகு அடுப்புக்கு... அடுத்த நாள் போக வேண்டிய ஊசிப் பார்சல்கள் வரிசையாக இருந்தன. மேலே கித்தான் துணி மட்டும் இன்னும் தைக்கவில்லை. ஒவ்வொரு பார்சலிலும் மேலாக இருந்த பெட்டிக்கு ஒரு பொட்டு வைக்கப் போனேன்.

பொட்டு நிற்கவில்லை. மெழுகின் மேல் ஈரச் சந்தனம் நிற்குமா? வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் நிற்கக் கூடாது என்றுதானே அந்த மெழுகையே பூசினேன்!

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? நகத்தால் மெழுகைச் சுரண்டினேன். ஒரு காலணாக் காசு அகலம். அட்டை தெரிந்தது. அதில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தேன். ஜம்மென்று ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பார்சலிலும் மேல் பெட்டிக்கு இப்படியே செய்தேன். சாமி கும்பிட்டோம். பொரி, கடலை தின்றோம். மறுநாள் கித்தான் தைத்துப் பார்சல் போய்விட்டது.

ஐப்பசி மழை, கார்த்திகை மழை. அந்த வருஷம் விடாத மழை.

தை மாதம். பரவைப் பக்கம் ஒரு வயலில் கதிர் அறுப்பு. வீராயி என்று ஒரு பெண். சொந்த நிலம் கிடையாது. கூலிக்கு அறுக்கிறவள். இடது கையில் கதிரைப் பிடித்து வலது கையால் அரிவாளை இழுத்தாள். அரிவாள் வழுக்கி, இடது மணிக்கட்டின் உட்பக்கம் ஆழமாக இறங்கிவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டி, வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

அங்கே இருந்த டாக்டர் அம்மா, "கை பிழைச்சிரும். நரம்பைச் சேத்துத் தைச்சாப் போதும்" என்றிருக்கிறார். நர்ஸ் ஓடிப் போய் அலமாரியில் புதுப் பார்சலைப் பிரித்து, மேல் பெட்டியை எடுத்திருக்கிறாள். பொட்டு வைத்த பெட்டி. ஊசியைக் கொதிக்க வைக்கும்போது நடுவில் கடுகளவு பழுப்பு தெரிந்திருக்கிறது. வாசலைன் கறை என்று நினைத்துவிட்டாள். மெழுகுப் பெட்டி ஊசி துருப்பிடிக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்ற வேண்டும்? நான்தானே இரண்டு வருஷமாக அவளுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்து வைத்திருந்தேன்?

மூன்றாவது தையலில் ஊசி முறிந்தது. முனை உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் ரத்தம் கொட்டியது. அதே பெட்டியிலிருந்து இன்னொரு ஊசி. அதுவும் முறிந்தது. அடுத்த பெட்டியைப் பிரித்துத் தைத்து முடித்தார்கள். ஆனால் வெட்டு வெகுநேரம் திறந்து கிடந்துவிட்டது. நாலாம் நாள் கை வீங்கிச் சீழ் பிடித்தது. பத்தாம் நாள், உயிரைக் காப்பாற்ற, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. போனேன். டாக்டர் அம்மா ஒரு வெள்ளைத் தட்டை என் முன்னால் வைத்தார். நாலு ஊசித் துண்டு. பக்கத்தில் என் பெட்டி. மூடியில் வெளுத்துப் போன குங்குமம். அதைச் சுற்றி அட்டை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது.

"ஒங்க பெட்டிய நம்பித்தான் அந்தப் பொம்பளை கையில ஊசியப் போட்டேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டறைக்குத் திரும்பினேன். முதலாளி மெதுவாகச் சொன்னார்: "மழையில நனைஞ்சிருச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருய்யா. மழைக்கு யாரு என்ன செய்ய முடியும்?"

"மழை வரும்னு தெரிஞ்சுதான அண்ணாச்சி மெழுகு பூசினோம்? சுரண்டினது நான்."

அன்றே பார்சல் போன எல்லா ஊருக்கும் கார்டு எழுதினேன். 'பொட்டு வைத்த பெட்டியில் உள்ள ஊசியை யாருக்கும் போட வேண்டாம். திருப்பி அனுப்பவும். தவறு என்னுடையது.' பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டு மட்டும் வரவே இல்லை. அவை எங்கே போயின, யார் உடம்பில் ஏறின... இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு வீராயியைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வார்டு வராந்தாவில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள், தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பது மாதிரி.

"யாருங்கய்யா நீங்க?"

"ஒனக்குப் போட்ட ஊசிக்குப் பெட்டி செஞ்சவன்மா."

"ஊசிக்குப் பெட்டி கூடவா செய்வாக?"

எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, நகம், பொட்டு — ஒன்றையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பொட்டு வைக்கையில என்ன வேண்டிக்கிட்டீக?"

"தொழில் நல்லா நடக்கணும்னும்மா."

"ஒங்க தொழிலு." தலையை ஆட்டிக்கொண்டாள். "எனக்கும் தொழிலு இருந்துச்சுங்கய்யா. வலது கை அரிவா புடிக்கும். எடது கை கதிரு புடிக்கும். கதிரப் புடிக்காம எதை அறுக்கிறது?"

கட்டுப் போட்ட கையைச் சற்றே தூக்கிக் காட்டினாள்.

"இந்த ஊசி எவ மேல ஏறப் போகுதுன்னு ஒரு வாட்டியாச்சும் நெனச்சீகளா?"

"இல்லம்மா."

"நெனச்சிருந்தா நகம் போயிருக்காது. போயிட்டு வாங்கய்யா." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழந்தைகளே, என் மேஜையில் இருப்பது அந்தப் பெட்டிதான். டாக்டர் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். செல்லம் பொட்டு வைக்கப் போனாளே — அதில் ஏற்கெனவே ஒரு பொட்டு இருக்கிறது. வெளுத்துப் போனதால் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை உண்டு. பொட்டு வைப்பது சுவரில். பார்சல் முதல் நாளே போய்விடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் செல்லம் பெட்டியை உற்றுப் பார்த்தாள். பிறகு, "அந்த அத்தைக்குக் கை திரும்ப மொளைச்சிருச்சாப்பா?" என்றாள்.

"இல்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பரவைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். வீராயி அங்கேதான் கீரை விற்கிறாள். நான் போனால் வா என்றும் சொல்ல மாட்டாள், போ என்றும் சொல்ல மாட்டாள். கேட்ட கீரையைக் கட்டிக் கொடுப்பாள். வாழைநாரின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை ஒற்றைக் கையால் சுற்றி இழுத்து ஒரு முடிச்சுப் போடுவாள். செல்லம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருபது வருஷமாக நான் பார்சல் கட்டுகிறேன். வீராயி பல்லால் கட்டிய கட்டு வழியில் அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.