வருதா, நிக்குதா?

தெருவில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தாலும் அதே தொனிதான். பால்காரர் முதல் வீட்டு ஓனர் வரை யாரும் அவள் முன்னால் அநாவசியமாக அசைய மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

அந்த ஆள் அவளுடைய மாமனார். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். அவரை மாமனார் என்று சொல்லலாமா கூடாதா என்பதே ஒரு வழக்கு. அவருடைய மகன், அதாவது இவளுடைய புருஷன், ஆபீசில் வேறொருத்தியோடு பழகி, கோர்ட்டில் முறையாக விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். போகிற அன்று அப்பாவையும் அழைத்துப் போக வந்தான். பெரியவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கு இந்த ஜன்னல் காத்து ஒத்துக்கிச்சு. நீ போய்ட்டு வா" என்றார். அதோடு சரி. அதைப் பற்றி அந்த வீட்டில் அப்புறம் பேச்சே எழவில்லை.

பெரியவருக்குச் சர்க்கரை உண்டு. ஒரு தடவை காலில் புண் வந்து, ஆறாமல் பாடாய்ப் படுத்தியது. இவள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சேர்க்கை எழுதிய கிளார்க் புது ஆள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மருமக."

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"வீட்டுக்காரர் இல்ல. விவாகரத்து ஆயிடுச்சு."

"அப்போ இவரு எப்படிங்க மாமனார்?"

"அவரு பாட்டுக்கு மாமனார். நீங்க எழுதுங்க."

கிளார்க் எழுதினார். புண் ஆறியதும் கால் அளவெடுத்து மெத்தென்று ஒரு ஜோடி செருப்பு செய்து கொடுத்தார்கள். வீட்டுக்குள்கூட அதைப் போடாமல் நடக்கக் கூடாது என்பது எக்ஸ்ரே அக்கா போட்ட சட்டம். பெரியவர் எதற்கும் அடங்காதவர், இதற்கு மட்டும் அடங்கினார். அவருக்கென்று இருந்த பழக்கம் ஒன்றுதான். மாத்திரை அட்டை, கரண்ட் பில், மடித்த பேப்பர், எது கையில் கிடைத்தாலும் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகச் சுற்றி டிக்கெட் கட்டு மாதிரி இறுக்கி வைப்பார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, அவர் விரல்களுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

இந்த நிலைமையில் அவளுக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் பிரிவையே பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வீடு பார்த்துவிட்டு வந்தாள். தரைத் தளம்தான் வேண்டும், இரண்டு அறை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததைப் பார்த்துப் புரோக்கர் கேட்டார், தனி ஆளுக்கு எதற்கம்மா இரண்டு அறை என்று. சாமான் நிறைய இருக்கு என்றாள். பச்சைப் பொய்.

சேதி எப்படியோ மகன் காதுக்குப் போய்விட்டது. அவன் வீடு இதே ஊரில், அந்தக் கோடியில். அப்பா இனிமேல் என்னோடு இருக்கட்டும் என்று போன் செய்தான். பெரியவர் சரி என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்றால், இவள் கூப்பிடவில்லை. இவள் ஏன் கூப்பிடவில்லை என்றால், சொந்த மகன் இருக்கும்போது நான் யார் கூப்பிட என்ற எண்ணம். அவரோ டீக்கடையில் கூட்டாளியிடம், "அவ புது ஊர்ல புது வாழ்க்கை தொடங்கப் போறா. நான் எதுக்கு லக்கேஜ்?" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கத்தான் ஆசை. இரண்டு பேரும் மென்று முழுங்கினார்கள். பார்க்கிறவர்களுக்குத்தான் எரிச்சல்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சுற்றி வளைத்துப் பார்த்தாள்.

"அங்க தரைத் தளம் மாமா. படியே இல்ல."

"நல்லது. உன் முட்டிக்கு நல்லது."

அவள் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

"வாசல்ல வெயில் வராது. காத்து நல்லா வருது."

"அவன் வீட்ல லிஃப்ட் இருக்காம்."

"ம்."

பேச்சு அங்கேயே படுத்துவிட்டது.

சாமான் ஏற்றக் கம்பெனி பிடிப்பது அதைவிடப் பெரிய கூத்து. போன் எடுத்த முதல் கம்பெனிக்காரன் வீட்டையே பார்க்காமல், "ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம், எல்லாம் ஒரே வண்டியில அடக்கிடலாம்" என்றான். ஆளைப் பார்க்காமலே ரிப்போர்ட் சொல்கிறவர்களை அவளுக்கு ஆகாது. வைத்துவிட்டாள். இன்னொருவன் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டதும் பிடி கொடுக்காமல் பூசி மெழுகினான். அவனையும் வைத்துவிட்டாள். கடைசியில் ஒரு கம்பெனி தங்கள் சூப்பர்வைசரை நேரில் அனுப்பியது. அவர் பரண்மேல் ஏறிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், பீரோவைத் திறக்கச் சொன்னார். அவளுக்குத் திருப்தி. படம் எடுத்துத்தான் பேசுகிறான் மனுஷன் என்று அவரையே அமர்த்திக்கொண்டாள்.

சூப்பர்வைசருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பொருளாகக் கையை நீட்டி, "இது வருதா, நிக்குதா?" என்பார். வருவதற்கு மஞ்சள் ஸ்டிக்கர், நிற்பதற்கு வெள்ளை. பெரியவரின் அறைக்கு வந்தார்.

"கட்டில்?"

"வருது" என்றாள் அவள்.

"ஃபேன்?"

"வருது."

"சாய்வு நாற்காலி?"

"அதெல்லாம் அவ வாங்கினது. போகட்டும்" என்றார் பெரியவர்.

"இந்தப் பெட்டி?"

அது பெரியவரின் துணிப் பெட்டி. இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றார். "நிக்குது" என்றார் பெரியவர். வெள்ளை ஸ்டிக்கர் விழுந்தது. ஆக, அந்த அறையில் உள்ள அத்தனையும் புது ஊருக்குப் போகும், அதில் படுத்துத் தூங்கும் மனுஷன் மட்டும் போக மாட்டார். இதைவிடப் பைத்தியக்காரத்தனமான ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டுகிற நாள் வந்தது. கம்பெனி ஆட்கள் காலையிலேயே வந்து இறங்கி, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் பறந்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் சுற்றி, டேப் ஒட்டி, அட்டைப் பெட்டிக்குள் தள்ளினார்கள். சமையலறைக் குப்பைத் தொட்டியைக் குப்பையோடு சேர்த்துக் கட்டியதை அவள் பார்த்துவிட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள். பெரியவர் பழைய வேலையில் சேர்ந்துகொண்டார். "முன்னாடி போ, முன்னாடி போ. படியில நிக்காதே. உள்ள எடம் காலியா இருக்கு பாரு" என்று கட்டிலைத் தூக்கி வருகிறவர்களை விரட்டினார். லாரி நிறைந்து கதவு சாத்தியதும் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றார். லாரி போய்விட்டது. காலி வீட்டில் அவளும் அவரும் வெள்ளை ஸ்டிக்கர் பெட்டியும் மிச்சம். 

மகன் கார் வந்து நின்றது. அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "கிளம்பலாமாப்பா?" என்றான். பெரியவர் வாசலுக்கு வந்து நின்று கீழே பார்த்தார்.

"என் செருப்பைக் காணோமே?"

அவள் அப்போதுதான் பார்த்தாள். வெறும் கால். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"கழட்டி வெச்ச செருப்பக் கூடவா கட்டுவீங்க?"

"எங்க பசங்க செருப்பை எடுக்கலீங்க மேடம்."

"குப்பைத் தொட்டியவே கட்டினவங்கதானே நீங்க!"

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

"வழியில புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்பா" என்றான் மகன்.

"கடையில வாங்குறது என் காலுக்கு ஆகாது."

"அப்போ என் செருப்பைப் போட்டுக்கோங்க."

"வண்டி ஓட்டுறவன் வெறுங்காலோட ஓட்டுறதா? நல்லா இருக்கு நியாயம்."

இங்கேதான் எக்ஸ்ரே அக்காவுக்கு வாய் வந்தது. கேள்வியாக வரவில்லை, சட்டமாகத்தான் வந்தது.

"மாமா, செருப்பு அங்க போயிடுச்சு. இந்தக் காலோட உங்கள நான் அனுப்ப முடியாது. எங்கூட வந்து செருப்பைப் போட்டுக்கிட்டு, அப்புறம் இவரு வீட்டுக்குப் போங்க."

"அதுவும் சரிதான்" என்றார் பெரியவர், யோசிக்கிற பாவனைகூட இல்லாமல்.

"ஒரு செருப்புக்காக அவ்ளோ தூரமா?" என்றான் மகன்.

"கால் என்னோடதுடா."

மகனுக்குக் கோபம்தான். ஆனாலும் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு போய் அவள் பேசி வைத்திருந்த வாடகைக் காரில் வைத்தான். கொஞ்சம் நிம்மதியும் பட்டிருப்பான் என்று நினைக்கிறேன். அவள், கம்பெனி ஆட்கள் மிச்சம் போட்டுப் போன குமிழ்ப் பிளாஸ்டிக்கை எடுத்து, பெரியவரின் இரண்டு காலிலும் கண்ணாடிச் சாமானைப் போலச் சுற்றிக் கட்டினாள். அவர் அடி எடுத்து வைக்க வைக்க அது படபடவென்று வெடித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

புது ஊரில், புது வீட்டில், கட்டில்தான் முதலில் இறங்கியது. பெரியவரை அதில் உட்கார வைத்து, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று உத்தரவு போட்டாள். பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். சமையல் பாத்திரம், புத்தகம், செருப்புகள் போட்ட பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. பெரியவரின் ஜோடி இல்லை. அடுத்த அறையில் அவளுடைய தலையணைகள் இருந்த பெட்டியைத் திறந்தாள். மேலேயே பேப்பரில் பொதிந்த ஒரு பொட்டலம். அதில் கம்பெனி ஆட்களின் டேப் இல்லை. ஒரு ரப்பர் பேண்டு, இரண்டு சுற்று.

பிரித்தாள். செருப்பு.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, புண் வந்த காலோடு இத்தனை நேரம் வெறும் தரையில் நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாரே என்று கோபம் வந்தது. அப்புறம் அழுகை. மனுஷன் அவளிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான், அதையும் பேப்பரில் சுற்றிக் கேட்டிருக்கிறார். அந்தச் சூப்பர்வைசரை வேறு அநியாயமாகத் திட்டியாயிற்று.

பெரியவர் அறையிலிருந்து குரல் வந்தது.

"என்னம்மா, கெடச்சுதா?"

அவள் முகத்தைத் துடைத்தாள். செருப்பைத் தலையணைகளுக்கு அடியில் தள்ளி, பெட்டியை மூடினாள். எழுந்து அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"இல்ல மாமா. எங்க வெச்சாங்களோ தெரியல. நாளைக்கு ஆஸ்பத்திரியில அளவு குடுத்துப் புதுசா செஞ்சுக்கலாம்."

பெரியவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் அந்த ரப்பர் பேண்டு இருந்தது. கழற்ற மறந்திருந்தாள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். "நிதானமாவே தேடு."